விதிவிலக்கு எண்டு சொல்லித் தப்பின பின்னேரம்

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, திருகோணமலை உப்புவெளியில நான் எடுக்கிற ஏ எல், அதாவது உயர்தரப் பௌதிகவியல் கிளாஸ்ல குறைகடத்தி தொடங்கிற நாள். வழக்கம்போல போர்ட்ல மூண்டு நிரல் கீறினன், கடத்தி, குறைகடத்தி, காவலி. முதலாவதுக்குக் கீழ செம்பு, அலுமினியம், வெள்ளி. ரெண்டாவதுக்குக் கீழ சிலிக்கன், ஜேர்மேனியம். மூண்டாவதுக்குக் கீழ கண்ணாடி, இறப்பர், வைரம். வருசா வருசம் இதே மூண்டு நிரல்தான், நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் கீறுவன். பின் வாங்கில ஒரு பிள்ளை, மூதூரில இருந்து பஸ் ஏறி வாறவ, கூடக் கதைக்கவே மாட்டா, அண்டைக்கு எண்டு பாத்துக் கைய உயர்த்தினா. "மிஸ், வைரம் காவலியெண்டா பென்சில் கரி எந்த நிரல்? ரெண்டும் காபன்தானே." நான் யோசிக்கவே இல்ல, "அது ஒரு விதிவிலக்கு, எக்ஸாமுக்கு வராது, எழுதுங்கோ" எண்டு சொல்லிட்டு டயோட்டுக்குப் போயிட்டன். பிள்ளையும் எழுதினா. விதிவிலக்கு எண்டே கொப்பியில எழுதினா, நான் பாத்தன்.

அண்டு ராத்திரி நித்திரை வரேல்ல. பிள்ளைகளுக்கு அரைகுறையாச் சொல்லிக் குடுக்கிறது ஒண்டும் புதுசில்ல, சிலபஸ் முடிக்கோணும், கரண்ட் போகும், மழை வரும், ஆயிரம் இருக்கு. ஆனா இந்த விசயத்தில பொய் சொல்ல எனக்கு உரிமையே இல்ல. என்ட வாழ்க்கையில ரெண்டரை வருசம் மலைநாட்டுப் பக்கம் ஒரு கம்பசில நான் செய்த ஆராய்ச்சியே இந்தப் பிள்ளை கேட்ட கேள்விதான். ஒரே பொருள், ஒரே அணுக்கள், ஒரே விகிதம், அடுக்கின விதம் மட்டும் வேற, ஒண்டு கரண்டக் கடத்தும், மற்றது கடத்தாது. அதுக்காக எத்தினை ராத்திரி கண் முழிச்சன், அத விதிவிலக்கு எண்டு ஒரு சொல்லில அடக்கிட்டன். அதுதான் இத எழுதிறன்.

மாமாட கறுப்புக் கிரீஸ்

இந்தப் பொருள நான் முதல்ல கண்டது லேப்பில இல்ல. என்ட தாய்மாமா திருக்கடலூரில போட் எஞ்சின் திருத்துறவர், அவர்ட கொட்டில்ல ஒரு டின் இருக்கும், உள்ளுக்குக் கறுப்பா, மினுங்கிக்கொண்டு, சாதாரண மஞ்சள் கிரீஸ் மாதிரி இல்லாம. மொலி கிரீஸ் எண்டு சொல்லுவார். சின்ன வயசில நான் அதுக்குள்ள விரல விட்டிட்டு வீட்டுச் சுவரில கையடையாளம் வச்சு அம்மாட்ட அடி வாங்கின கதையெல்லாம் இருக்கு. "இது கழுவினாலும் போகாது பிள்ளை, இரும்புக்குள்ள போய்க் குந்திக்கொள்ளும்" எண்டு மாமா சொல்லுவார். அந்தக் கறுப்பு மொலிப்டினம் டைசல்பைட்டு. ஒரு மொலிப்டினம் அணுவுக்கு ரெண்டு கந்தகம். மண்ணுக்குள்ள மொலிப்டினைட் எண்டு கனியமாவே கிடக்கும், பாத்தா எங்கட நாட்டில போகலவிலயும் கஹட்டகஹவிலயும் வெட்டி எடுக்கிற காரீயம், அதுதான் அந்தப் பென்சில் கரி, அது மாதிரியேதான் இருக்கும், அந்தக் காலத்தில ஆக்கள் ரெண்டையும் ஒண்டெண்டு நினைச்சு ஒரே பேர் சொல்லியிருக்கிறாங்க.

ஏன் வழுக்குது எண்டா அது தாள் தாளா இருக்கு. நடுவில மொலிப்டினம் ஒரு தட்டு, மேல கந்தகம் ஒரு தட்டு, கீழ கந்தகம் ஒரு தட்டு, இந்த மூண்டும் சேந்து நல்ல இறுக்கமான ஒரு தாள், தடிப்பு ஒரு நனோமீற்றரே வராது, 0.65 அளவுதான். தாளுக்கும் தாளுக்கும் நடுவில மட்டும் பிடி இல்ல, வந்தர் வாலிசின்ட மெல்லிய இழுவை மட்டும். அதால ஒண்டு மேல ஒண்டு சறுக்கும். மாமாட போட் எஞ்சினுக்கு அந்தச் சறுக்கல்தான் தேவை. எங்கள மாதிரி ஆக்களுக்கு அந்தத் தாளத் தனியா உரிச்செடுக்கிறதுதான் தேவை. 2004இல கைமும் நொவோசெலொவும் ஒட்டுற ரேப் வச்சு காரீயத்தில இருந்து ஒரு அணுத் தடிப்பில கிராபீன் எண்ட தாள உரிச்ச கதை எல்லாருக்கும் தெரியும், 2010இல நோபல் பரிசும் கிடைச்சது. ஆனா கிராபீனில ஒரு பிரச்சினை, பட்டை இடைவெளி, அதாவது கரண்டக் கடத்த இலத்திரன் தாண்டி ஏறவேண்டிய சக்திப் படி, அதில இல்ல, சுவிச் மாதிரிப் பூட்டித் திறக்க ஏலாது. உடன எல்லாரும் மாமாட கிரீஸ் பக்கம் திரும்பினாங்க. மாமாக்கு இது தெரியாது, தெரிஞ்சா டின்னுக்கு விலை கூட்டியிருப்பாங்க எண்டுதான் கவலைப்படுவார்.

பெருங்கட்டியா இருக்கேக்க மொலிப்டினம் டைசல்பைட்டின்ட இடைவெளி கிட்டத்தட்ட 1.3 இலத்திரன் வோல்ற்று, அதுவும் நேரில்லாத இடைவெளி, அதாவது இலத்திரன் மேல இருந்து கீழ விழுந்தாலும் இலேசில வெளிச்சம் தராது. ஒரு தாள மட்டும் தனிய எடுத்தா 1.8, 1.9 எண்டு ஏறும், நேரடி இடைவெளியா மாறும், வெளிச்சம் தரத் தொடங்கும். 2010இல ரெண்டு குழு இத வெளியிட்டிச்சு, அதில ஒண்டு பெருங்கட்டியோட ஒப்பிடேக்க ஒளிருற திறன் பத்தாயிரம் மடங்குக்கு மேல எண்டு சொல்லிச்சு. ஒரு அணுவையும் மாத்தேல்ல, தாளின்ட எண்ணிக்கையக் குறைச்சதுதான். அடுத்த வருசம் சுவிற்சர்லாந்தில லோசான் கம்பசில ஒத்தைத் தாளில டிரான்சிஸ்டர் செய்து, ஓன் கரண்டுக்கும் ஓஃப் கரண்டுக்கும் நடுவில பத்துக் கோடி மடங்கு வித்தியாசம் காட்டினாங்க. அதுக்குப் பிறகு சிலிக்கன் செத்துது எண்டு ஆளாளுக்கு எழுதினாங்க, இண்டைக்கும் எழுதிறாங்க, சிலிக்கன் பாவம் ஒண்டும் தெரியாத மாதிரி எல்லா ஃபோனுக்குள்ளயும் இருக்கு. எனக்கு அந்தப் பந்தயத்தில பெரிசா விருப்பமில்ல. என்னை இழுத்தது வேற.

கந்தகத்தின்ட ஒரு திருப்பம்

ஒரு மொலிப்டினத்தச் சுத்தி ஆறு கந்தகம், மேல மூண்டு, கீழ மூண்டு. மேல் மூண்டும் கீழ் மூண்டுக்கு நேர் மேல நிண்டா அது முக்கோணப் பட்டகம், கணித கிளாஸ்ல கீறுற அதே பட்டகம்தான். மேல் தட்ட மட்டும் 60 பாகை திருப்பி வச்சா அது எண்முகி. அவ்வளவுதான் வித்தியாசம். பட்டகமா நிக்கிற வகைக்கு 2 எச் எண்டு பேர், ரெண்டு தாளுக்கு ஒருக்கா அடுக்கு திரும்பி வரும், அறுகோண ஒழுங்கு. எண்முகிக்கு 1 ரி. மூண்டு தாளுக்கு ஒருக்கா திரும்புற 3 ஆர் எண்டும் ஒண்டு இருக்கு, அதுக்குள்ளயும் பட்டகம்தான், அத இப்ப விடுவம். இயற்கையில கிடைக்கிறதில பெரும்பங்கு 2 எச். அத 1923இலயே டிக்கின்சனும் லைனஸ் போலிங்கும் எக்ஸ் கதிர் வச்சுக் கண்டுபிடிச்சிட்டாங்க. போலிங்குக்கு அது முதலாவது ஆய்வுக் கட்டுரை, அப்ப வயசு 22. என்ட கிளாஸ்ல ஏ எல் மூண்டாந்தரம் எழுதுற பெடியன் ஒராளுக்கும் அதே வயசு, இதச் சொன்னா அவன் என்னோட கதைக்கமாட்டான், சொல்லேல்ல.

இனி இலத்திரன். மொலிப்டினம் நாலு இலத்திரனக் குடுத்திட்டு நிக்கேக்க டி ஓட்டில ரெண்டு மிச்சம். அந்த ரெண்டும் எங்க இருக்கும் எண்டதுதான் முழுக் கதையும். எனக்கு இது விளங்கினது புத்தகத்தில இல்ல, கந்தளாய் தாண்டி வாற பஸ்ஸில. ரெண்டு பேர் சீட் ஒண்டு, அதில ரெண்டு பேர் இருந்தாச்சு, அதுக்குப் பின்னால உள்ள சீட்டுக்குப் போகோணுமெண்டா பெரிய படி ஒண்டு ஏறோணும், அப்ப ஆரும் அசைய மாட்டாங்க. அதுதான் பட்டகம். அந்த ஒழுங்கில ஒரே ஒரு ஓர்பிற்றல், அதாவது இலத்திரன் இருக்கிற சீட், மட்டும் கீழ இறங்கி நிக்கும், ரெண்டு இலத்திரனும் அதில நிறைஞ்சிடும், அடுத்தது உயரத்தில, நடுவில இடைவெளி. ஆகவே குறைகடத்தி. எண்முகியில அப்பிடியில்ல, மூண்டு ஓர்பிற்றல் ஒரே உயரத்தில, அதாவது ரெண்டு பேர் சீட் மூண்டு பக்கத்தில பக்கத்தில, ஆறு பேருக்கு இடம், இருக்கிறது ரெண்டே பேர். யன்னலுக்கு மாறுவாங்க, நிழலுக்கு மாறுவாங்க, ஒரு மறிப்பும் இல்ல. அது உலோகம். அணு அதே, ஆக்கள் அதே ரெண்டு பேர், சீட் போட்ட விதம் வேற. பஸ்ஸில பக்கத்தில இருந்த ஐயா நான் தனிய சிரிக்கிறதப் பாத்திட்டு மெல்லத் தள்ளி இருந்தார்.

அப்ப ஏன் எல்லாம் எண்முகியா இல்ல எண்டா, நிறைஞ்சு நிக்கிறது எப்பவும் சுகம், சக்தி குறைவு. 2 எச் அமைதியான நிலை. அத 1 ரிக்கு மாத்தோணுமெண்டா மூண்டாவது ஆள ஏத்தோணும். லிதியம் இதுக்கு நல்ல ஆள், தாளுக்கு நடுவில புகுந்து தன்ட இலத்திரனக் குடுத்திடும், ரெண்டு பேர் சீட் ஏற்கனவே நிறைஞ்சது, மூண்டாவது ஆள் மேல ஏறோணும், அது நட்டம், அதவிட எல்லாரும் எண்முகிக்கு மாறிறது மலிவு. 1986இல கனடாவில சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில ஜோன்சன், பிரின்ட், மொரிசன் மூண்டு பேரும் இப்பிடி லிதியத்த உள்ளுக்கு விட்டு, பிறகு தண்ணிய ஊத்தி, தண்ணி லிதியத்தோட சண்டை பிடிச்சு வாற வாயுவால தாள்கள் ஊதிப் பிரிய, ஒத்தைத் தாள எடுத்தாங்க. கிராபீனுக்கு 18 வருசத்துக்கு முதல். இத ஒருத்தரும் பெரிசாச் சொல்லுறதில்ல எண்டதில எனக்கு ஒரு சின்னக் கோவம் இப்பவும் இருக்கு.

உலை போட்ட ராத்திரி

எங்கட லேப்பில லிதியம் வேலை செய்ய வசதி இல்ல, காத்துப் படாம வேலை செய்யிற பெட்டி வேணும், அதுக்குக் காசு வேணும். அதால நான் எடுத்தது ஏழைகளின்ட வழி. அமோனியம் மொலிப்டேற்றும் தயோயூரியாவும் தண்ணியில கரைச்சு, டெஃப்லோன் கிண்ணத்தில ஊத்தி, அத ஒரு உருக்குச் சிலிண்டருக்குள்ள வச்சு இறுக்கி, 180, 200 பாகையில ஒரு நாள் முழுக்க ஓவனுக்குள்ள விடுறது. பிரசர் குக்கர் எண்டே வையுங்கோ. அடுத்த நாள் திறந்தா முழு மாடிக்கும் அழுகின முட்டை மணம், பக்கத்து லேப் ஆக்கள் யன்னலச் சாத்துவாங்க, அடியில கறுப்புத் தூள். இதில என்ன விசேசமெண்டா கரைசல்ல இருக்கிற அமோனியம் அயன்கள் தாளுக்கு நடுவில மாட்டுப்பட்டு, லிதியம் செய்யிற வேலையில கொஞ்சத்தச் செய்யும், 1 ரி கூடின கலவை கிடைக்கும். முழுக்க 1 ரி எண்டு சொல்லமாட்டன். ஒரே துணிக்கைக்குள்ளயே அங்க ஒரு திட்டு இங்க ஒரு திட்டு, கன்னியாவில ஏழு கிணறும் கிட்டக் கிட்ட இருந்தும் ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு மாதிரி.

அந்தத் தூள அமத்தி வில்லை செய்து தடை பாத்தன், சில நூறு ஓம். என்ட ஆராய்ச்சிய மேற்பார்வை செய்த சேருக்குக் காட்டினன், அவருக்கும் சந்தோசம். ஊரில பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழா, போகோணும், போறதுக்கு முதல் எல்லா அளவையும் முடிச்சிடுவம் எண்டு நினைச்சன். ஒரே ஒரு குறை, தூள் ஈரமா இருக்கிற மாதிரி ஒரு எண்ணம், நிறை நிலைக்கேல்ல. நல்லாக் காய வைப்பம் எண்டு குழாய் உலையில நைதரசன விட்டு 300 பாகையில ஒரு மணித்தியாலம் வச்சன். என்ட புத்தி. காயவைக்க 300 என்னத்துக்கு எண்டு இப்ப கேட்டா மறுமொழி இல்ல, கூடச் சூடு கூடச் சுத்தம் எண்டு நினைச்சிருப்பன், அம்மா பால் போத்தல அவிக்கிற மாதிரி.

ராத்திரி பதினொரு மணிக்கு வெளிய எடுத்துத் திருப்பி வில்லை அமத்தி மீற்றர வச்சன். மெகா ஓம், பத்து லட்சம் ஓம் கணக்கில. கம்பியத் துடைச்சு வச்சன், மெகா ஓம். வெள்ளிப் பசை புதுசாத் தடவினன், காயவிட்டு வச்சன், அதே. அடுத்த நாள் காலம சேர் வந்து பாத்திட்டு, "கொன்டாக்ட் சரியாப் படேல்ல போல, திரும்ப வச்சுப் பாரும்" எண்டார். திரும்ப வச்சன். அந்த நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வச்சன். திருவிழாவுக்குப் போகேல்ல. பழுதாப் போச்சு, எரிச்சுப்போட்டன், ஒக்சைட்டா மாறிட்டுது எண்டு நினைச்சு அழுதும் இருக்கிறன். இலத்திரன் நுணுக்குக்காட்டியில எக்ஸ் கதிர் வச்சு மூலகங்கள எண்ணிப் பாத்தம், முதல் இருந்ததும் பிறகு இருக்கிறதும் ஒண்டேதான், கொஞ்சம் நைதரசன் குறைஞ்சிருந்தது அவ்வளவுதான். அந்த முறையில மொலிப்டினத்தின்ட கோடும் கந்தகத்தின்ட கோடும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில, 2.3 கிலோ இலத்திரன் வோல்ற்றில விழும், பிரிச்சு எண்ணுறது சுத்தக் கரைச்சல், மெசின் ஒரு இலக்கத்தத் தரும், அத அப்பிடியே நம்பினா நாங்கள் மடையர். இதையும் நான் பிறகுதான் படிச்சன்.

விசயம் வெளிச்சது ராமன் நிறமாலையில, லேசரப் பட வச்சுச் சிதறி வாற வெளிச்சத்தில பொருளின்ட ஒழுங்கக் கண்டுபிடிக்கிற முறை அது. வேற இடத்துக்கு அனுப்பி எடுத்த ரெண்டு படத்தையும் மேசையில பக்கத்தில பக்கத்தில வச்சன். உலைக்கு முதல் எடுத்ததில 150, 226, 330 பக்கம் சின்னச் சின்ன மேடுகள், உலைக்குப் பிறகு எடுத்ததில அதெல்லாம் காணேல்ல, 383, 408 ரெண்டு மட்டும் ஊசி மாதிரி எழும்பி நிக்குது. அந்தச் சின்ன மேடுகள் எண்முகி ஒழுங்கின்ட கையெழுத்து, அதக் காணேல்ல. நான் எரிக்கேல்ல, பழுதாக்கேல்ல. நடுவில மாட்டுப்பட்டிருந்த அமோனியம் சூட்டில கழண்டு போச்சு, மூண்டாவது ஆள் பஸ்ஸால இறங்கிட்டார், கந்தகத் தட்டு தன்ட பழைய இடத்துக்குத் திரும்பிட்டுது. மொலிப்டினத்திலயோ கந்தகத்திலயோ ஒரு அணு கூடக் குறையாம என்ட உலோகம் குறைகடத்தியா மாறிட்டுது. அந்த மேசையில இருந்து எழும்பி வெளிய போய் ஒரு பிளேன்டீ குடிச்சன், கை நடுங்கிக்கொண்டு இருந்தது. அதுவரைக்கும் எனக்கு உலோகம் எண்டா ஒரு சாதி, குறைகடத்தி எண்டா ஒரு சாதி, பிறப்பில வாறது. போர்ட்ல கீறுற மூண்டு நிரலும் அந்தப் புத்தியில வந்ததுதான்.

பேர் வைக்கிறதில ஒரு கள்ளத்தனம்

இவ்வளவு சொன்னாப் பிறகு ஒரு விசயத்த மறைக்க ஏலாது. நாங்கள் எல்லாரும் 1 ரி, 1 ரி எண்டு எழுதிறது முக்கால்வாசி சரியில்ல. சுத்தமான எண்முகி ஒழுங்கு மொலிப்டினம் டைசல்பைட்டில தானா நிலைச்சு நிக்காது, மொலிப்டினம் அணுக்கள் பக்கத்து அணுவ இழுத்துச் சோடி சேந்து கோணல் மாணலா வரிசை வரிசையா நிக்கும், அதுக்கு 1 ரி பிரைம் எண்டு பேர். நான் பாத்த அந்தச் சின்ன மேடுகளும் உண்மையில இந்தக் கோணல் ஒழுங்குக்குரியதுதான். சோடி சேந்த உடன முழு உலோகம் எண்டு சொல்லவும் ஏலாது, மிகச் சின்ன இடைவெளி ஒண்டு திறக்கும் எண்டு கணக்குச் சொல்லுது. கட்டுரையளில உலோக நிலை உலோக நிலை எண்டு தலைப்புப் போட்டிட்டு உள்ளுக்கு ராமன் படத்தப் பாத்தா பிரைம் இருக்கும். நானும் என்ட தீசிசில அப்பிடித்தான் போட்டன், பைண்ட் பண்ணிக் குடுத்தாப் பிறகு ஆர் திருத்திறது.

இன்னொரு கூத்து, ராமன் எடுக்கிற லேசரக் கொஞ்சம் கூட்டி வச்சா அந்தச் சூட்டிலயே 1 ரி 2 எச்சா மாறிடும். என்ன நிலையில இருக்கு எண்டு பாக்கிற வெளிச்சமே நிலைய மாத்தும். சோறு வெந்துட்டுதா எண்டு பாக்க மூடியத் திறந்து திறந்து கடைசியில பருக்கையா எடுக்கிற ஆக்கள் எங்கட வீட்டிலயும் இருக்கினம்.

ஆனா இந்த மாறிற குணத்தத் தொல்லையா எடுக்காமக் கருவியா எடுத்த ஆக்களும் இருக்கிறாங்க, அதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. மெல்லிய தாளில டிரான்சிஸ்டர் செய்யேக்க பெரிய தலையிடி தாள் இல்ல, தங்கக் கம்பியும் தாளும் தொடுற இடம், அங்க தடை மலை மாதிரி நிக்கும். 2014இல அமெரிக்காவில ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில மனிஷ் சௌவாலா குழு என்ன செய்ததெண்டா, தாளின்ட நடுப்பகுதிய மூடி வச்சிட்டு ரெண்டு கரையையும் மட்டும் லிதியம் கரைசல்ல நனைச்சு 1 ரியாக்கினாங்க. ஒரே தாள், நடுவில குறைகடத்தி, ரெண்டு கரையிலயும் உலோகம், கம்பி கரையில தொடுது, தடை நல்லாக் குறைஞ்சிட்டுது. வேட்டிக்குக் கரை வேற துணியில தைக்கிறதில்லைத்தானே, அதே நூலில நெய்யிறம், அந்த மாதிரி. அடுத்த வருசம் மொலிப்டினம் டைடெலுரைட்டில லேசராலயே கோடு கீறி உலோகமாக்கிக் காட்டினாங்க. கந்தகத்துக்குப் பதிலா டெலூரியம் போட்டா 2 எச்சுக்கும் பிரைமுக்கும் சக்தி வித்தியாசம் மிகக் கொஞ்சம், உலையில மெல்ல ஆறவிட்டா 2 எச், டக்கெண்டு குளிரவச்சாப் பிரைம். இன்னும் ஒரு படி போய் மொலிப்டினத்துக்குப் பதிலா தங்குதன் (டங்ஸ்டன்) போட்டா கோணல் ஒழுங்குதான் அதுக்கு இயற்கையே, பட்டகம் பக்கமே போகாது. அந்த ஒத்தைத் தாளில நடு உடம்பு காவலியா இருக்க ஓரத்தால மட்டும் கரண்ட் ஓடுற ஒரு விசித்திரத்த 2018இல 100 கெல்வின் வரைக்கும் காட்டினாங்க. காவலியா கடத்தியா? என்ட போர்ட்ல எந்த நிரலில போடுறது?

புல்மோட்டை மணல்

திரும்ப அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வாறன். அடுத்த கிளாஸ் வெள்ளி. அந்த ரெண்டு நாளும் எப்பிடிச் சொல்லுறதெண்டு யோசிச்சன், மொலிப்டினம் எண்டு தொடங்கினாப் பின் வாங்கில ஃபோன் வெளிய வரும். கடைசியில எங்கட மாவட்டத்துக்குள்ளயே ஒண்டு கிடக்கு எண்டு நினைவு வந்தது. புல்மோட்டைக் கடற்கரையில கறுப்பு மணல், இல்மனைட்டு, ரூட்டைல், சேர்க்கன், கிளாஸ்ல ரெண்டு பேரின்ட வீட்டு ஆக்கள் அந்த மணல் வேலைக்குப் போறவங்கதான். ரூட்டைல் தைத்தேனியம் டைஒக்சைட்டு, சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்டுக்குள்ள இருக்கிறது. அதே தைத்தேனியம், அதே ரெண்டு ஒட்சிசன், வேற மாதிரி அடுக்கினா அனற்றேசு, ரூட்டைலின்ட இடைவெளி 3.0 இலத்திரன் வோல்ற்று, அனற்றேசுக்கு 3.2. அனற்றேசச் சுட்டா ரூட்டைலாகும், ஆறவிட்டாத் திரும்ப வராது. இது தாள் தாளா இருக்கிற பொருளில்ல, வித்தியாசமும் உலோகத்துக்கும் குறைகடத்திக்கும் உள்ள மாதிரிப் பெரிசில்ல, எண்டாலும் கதை ஒண்டுதான்.

வெள்ளிக்கிழமை மூண்டு நிரலையும் திரும்பக் கீறினன், பிறகு காபன எடுத்து ரெண்டு நிரலில எழுதினன், மொலிப்டினம் டைசல்பைட்ட ரெண்டு நிரலில எழுதினன், நிரலுக்கு மேல பொருளின்ட பேர் போதாது, அடுக்கின விதத்தையும் சேத்து எழுதோணும் எண்டு சொன்னன். போன கிளாஸ்ல விதிவிலக்கு எண்டு சொன்னது பிழை, வெட்டுங்கோ எண்டும் சொன்னன். முன் வாங்கில ஒரு பெடியன், "மிஸ், வெட்டிட்டு எக்ஸாமில என்ன எழுதுறது?" எண்டான். எக்ஸாமில மூண்டு நிரல எழுது எண்டன். அதவிட வேற என்ன சொல்ல. மூதூர்ப் பிள்ளை மட்டும் கிளாஸ் முடிஞ்சும் போகாம நிண்டா. "மிஸ், அந்தத் தூள் இப்பவும் இருக்கா?"

இருக்கு. தூளில்ல, ஒரு வில்லை, உலைக்குள்ள போகாத முதல் தொகுதியில மிஞ்சினது, பழைய பிலிம் டப்பாக்குள்ள பஞ்சில சுத்தி அலுமாரியில வச்சிருக்கிறன், இவ்வளவு வருசத்தில ஒருக்காக் கூட அளந்து பாக்கேல்ல. இந்த நிலை தற்காலிகமானது, உலை இல்லாட்டியும் மாசக்கணக்கில மெல்ல மெல்லத் திரும்பும், எங்கட ஊர் வெக்கைக்கும் கடல் காத்துக்கும் கேக்கவே வேணாம், மேல ஒக்சைட்டும் பிடிச்சிருக்கும். அளக்காத வரைக்கும் அது எனக்கு உலோகம். அதத்தான் பிள்ளை கேக்கிறா.

அடுத்த செவ்வாய் கொண்டுபோனன். வயரிங் வேலை செய்யிற தகப்பன்ட மஞ்சள் மல்டிமீற்றர அவ கொண்டந்தா, ஆயிரம் ரூவாக்கு விக்கிற அந்தச் சாமான்தான். வில்லையக் கடதாசியில வச்சு ரெண்டு கம்பியையும் அவவே தொட்டா. நாலஞ்சு பேர் தலைய நீட்டிக்கொண்டு சுத்தி நிக்கிறாங்க.

"ஒண்டு மிஸ்! ஒண்டு! ஒரே ஒரு ஓம்! உலோகம்!"

எட்டிப் பாத்தன். திரையில இடது ஓரத்தில ஒத்தை 1. அந்த வகை மீற்றரில அளக்க ஏலாத அளவு தடை எண்டா அப்பிடித்தான் காட்டும். குமிழத் திருப்பு எண்டன். 20 கிலோ ஓம், ஒண்டு. 200 கிலோ, ஒண்டு. கடைசி வரைக்கும் திருப்பினா, ஒண்டேதான். நான் ஒண்டும் சொல்லேல்ல. அவ கம்பி முனைய யூனிபோர்மில துடைச்சா, வெள்ளைச் சட்டையில கறுப்புக் கோடு ஒண்டு விழுந்தது, கழுவினாலும் போகாது. திரும்ப வச்சு அமத்தினா.

"கம்பி சரியாப் படேல்ல போல மிஸ்" எண்டா.